ராஜா அங்கிக்குள் ஒரு கை

பிற்பகல் மூன்று மணி. பேருந்து நிறுத்தத்திலிருந்து மேலே ஏறும் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது. இருட்டினால்தான் பேய் வரும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊர் ஆகஸ்ட் வெயிலைப் பார்த்ததில்லை.

அந்த வெயிலில் கண் தெரியாத டெல்பீனா கோலைத் தட்டிக்கொண்டு ஏறி வந்தாள்... தனியாக.

எங்கள் ஊர் எர்மேத்தேயின் மச்சான் பிரீமோவுக்கு நடந்தது இது. ஓபரா என்கிற பாட்டு நாடக விழாவில் மேடைக் கூலி அவன். அந்த வருடம், எல்லோரும் வரலாம் என்று விழாக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். உள்ளூர்க்காரருக்குப் பாதி விலை. கண் தெரியாதவர்கள் ஆட்டம் தொடங்குமுன் மேடையேறி, உடைகளைத் தொட்டுப் பார்க்கலாம். அவர்களைக் கைபிடித்துக் கூட்டிப் போகிற வேலை பிரீமோவுக்கு. முந்தின இரவு அவன் சரியாகத் தூங்கவில்லை. அந்தப் புழுக்கத்தில் யார்தான் தூங்கினோம்...

டெல்பீனாவின் புருஷன் நசரேனோ அதே மேடையில் திரைக்கயிறு இழுத்தவன். இருபத்தாறு கோடைக்கு முன்னால், சாமான் இறக்கிவிட்டு, சுவர் நிழலில் கொஞ்சம் சாய்ந்தான். சாயங்காலம் எழுப்பினார்கள். எழவில்லை.

“நவம்பர்ல கல்லறைத் திருநாள் ராத்திரி, எல்லார் வீட்டுக்கும் செத்துப்போன அவங்கவங்க ஆளு வர்றாங்கப்பா,” என்றாள் டெல்பீனா, படியேறும்போது. “நானும் வருஷா வருஷம் ரொட்டியும் ஒயினும் வெச்சிட்டுப் படுக்கிறேன். என் ஆளு மட்டும் வரல. எங்க போய்த் தொலைஞ்சான்னு தெரிஞ்சா போதும் எனக்கு.”

பிரீமோ அவளைக் கைபிடித்து உடைகள் பக்கம் கூட்டிப் போனான்.

ராஜாவின் அங்கி ஒரு மரச்சட்டத்தில் தொங்கியது.

“இது ராஜாவோடது, டெல்பீனாக்கா. ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். இதப் போட்டுக்கிட்டுப் பாடுறவன் பாவம்.”

“அதத் தூக்கிட்டு வந்து மாட்டுறவன் பாவமில்லையாக்கும்?”

சிரித்துக்கொண்டே தோளைத் தடவினாள். கை சட்டைக்கை வழியே இறங்கியது... நுனியில் நின்றது.

“யாருப்பா உள்ள நிக்கிறது?”

“யாருமில்லக்கா. மரம்.”

“மரத்துக்கு எதுக்குடா கை?”

பிரீமோ பார்த்தான். சட்டைக்கை காலியாகத்தான் தொங்கியது. ஆனால் அவள் விரல்கள் மூடவில்லை. நடுவே ஒரு உள்ளங்கை அளவு இடம் விட்டு, வளைந்து நின்றன. சணல் வாடை வந்தது. பழைய வியர்வையும், மட்டச் சுருட்டும்.

அவள் ஒவ்வொரு விரலாகத் தடவினாள். கட்டைவிரல்... அடுத்தது... அதற்கடுத்ததில் பாதியிலேயே நிறுத்தினாள்.

கப்பியில் மாட்டி நசரேனோ நடுவிரலில் பாதி போனது ஊருக்கே தெரியும்.

டெல்பீனா அழவில்லை. சந்தையிலிருந்து நேரங்கழித்து வந்தவனைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“இன்னுமா வேல முடியல உனக்கு? போதும்யா. வா, வீட்டுக்குப் போவோம்.”

ஆட்டம் பார்க்க அவள் இருக்கவில்லை. இறங்கும்போது பிரீமோ கையை நீட்டினான்.

“இந்தப் பக்கம் ஆளிருக்கு. நீ மத்தவங்களப் பாரு.”

கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு படிகூடத் தடுமாறாமல் இறங்கிப் போனாள். சுருட்டு வாடையும் போயிற்று.

மறுநாள் விடிந்தது. மேடைக்குப் பின்னால் கயிறெல்லாம் சிக்குப்பிடித்துக் குவியலாகக் கிடந்தது. காலை ஆட்களின் மேஸ்திரி ஒரேஸ்தே கத்தினான்.

“ஏன்டா கஸ்பாரே, கயித்தச் சுத்தி மாட்டிட்டுப் போக என்ன கேடு உங்களுக்கு?”

இரவு ஆட்களின் மேஸ்திரி கஸ்பாரே, கொட்டாவி விட்டபடி, “நாங்க எப்படா சுத்தினோம்? ஆட்டம் முடிஞ்சா அப்படியே போட்டுட்டுப் போறதுதான. காலையில நீங்கல்ல சுத்துறீங்க?” என்றான்.

“நாங்களா? நாங்க வர்றப்போ எப்பவும் சுத்தி ஆணியில மாட்டியிருக்குமே...”

பிரீமோ குனிந்து ஒரு கயிற்று நுனியைத் தேடி எடுத்தான். இருபத்தாறு கோடையில் அவர்களில் ஒருவன் அந்தக் கயிற்றைச் சுற்றியது அன்றைக்குத்தான் முதல் தடவை.