தையல்காரம்மா தைத்த மூன்றாவது சட்டை

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், ஆய்வுக்கூடத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், முன்வரிசையில் இருக்கும் பேராசிரியர் அம்மாவின் கணவருக்கும் என் வணக்கம். எனக்கு இப்படி நினைவுக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுதி வந்ததை வாசிக்கிறேன்.

என் உடம்பில் பிறவியிலேயே ஒரு புரதம் ஊறுவதில்லை. ஊசியில் ஏற்றினாலும் சில மணி நேரத்தில் உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். அதனால் தினமும் ஊசி. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் பள்ளிக்கூடத்துக்கு எப்போது போவாள்?

நம் பேராசிரியர் அம்மா அந்தப் புரதத்தின் மேல் பாலிமர் இழைகளைக் கோத்தார். "வெறும் உடம்போட போனா துரத்தறாங்க. ஒரு சட்டை போட்டு அனுப்பினா தெரிஞ்சவன்னு விட்டுடுவாங்க" என்பார். தலைமுடியின் பருமனைப் பத்தாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு பெரிய ஆளுக்குச் சட்டை. அதனால்தானே அவர் முதுகுக்குப் பின்னால் 'தையல்காரம்மா' என்றீர்கள்? அவருக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? "காஜா எடுக்கத் தெரியாததெல்லாம் எனக்குப் பேர் வைக்குது" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

முதல் சட்டை போட்ட புரதம் ஒரு வாரம் தங்கியது. ஆனால் ஒரு வேலையும் செய்யவில்லை. இழை அதன் வேலை செய்யும் இடத்தையே மூடியிருந்தது. "என்னம்மா, வாயையும் சேர்த்துத் தைச்சிட்டீங்க" என்றார் ஓர் அண்ணன். அன்று அதிகம் சிரித்தவரும் அம்மாதான்.

இரண்டாவது சட்டை வேலை செய்தது. ஊசி வாரத்துக்கு ஒன்றானது. எனக்கு ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். அதில் 'வேறு ஏதாவது' என்று ஒரு கட்டம். வாராவாரம் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். ஒரு நாள் அம்மா என் முழுக்கைச் சட்டையைப் பார்த்தார். "இந்த வெயில்ல என்னடி இது?" என்று கையை மடித்துவிட்டார். முழங்கை வரை தடிப்பு.

"எனக்காகவா பொய் எழுதின?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"வருத்தப்படறதுக்குத்தான்டி எனக்குச் சம்பளம் தர்றாங்க."

மொத்த மருந்தையும் கொட்டினார். இழை பிடிக்கும் இடத்தை மாற்றி எட்டு மாதம் உழைத்தார். அதுதான் மூன்றாவது சட்டை.

இங்கே பேசியவர்கள் எல்லாரும் அது வென்றுவிட்டது என்றார்கள். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். அம்மா படுக்கையில் இருந்தபோது நான் பார்க்கப் போனேன். "கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கும்மா" என்றேன். அவர் என் சட்டைக் கையைப் பார்த்தார். "நோட்டுல எழுதிடு" என்றார், அவ்வளவுதான்.

நான் எழுதவில்லை. நேற்றுதான் எழுதினேன். வாசிக்கிறேன்: 'மூன்றாம் ஊசி. இரண்டாம் நாள். இடது கையில் சட்டைப் பொத்தான் அளவு சிவப்பு. அரிப்பு உண்டு.'

முன்பு முழங்கை வரை இருந்தது இப்போது பொத்தான் அளவு. அவ்வளவு தூரம் கொண்டுவந்தவர் அவர். மிச்சம் பொத்தான் அளவுதான்.

அண்ணா, அக்கா, இந்த நோட்டை உங்களிடம் கொடுக்கிறேன். இனி அந்தக் கட்டத்தில் பொய் இருக்காது. அவர் தைத்த சட்டை இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது. எங்கே தளர்த்த வேண்டும் என்று பாருங்கள். அளவு கொடுக்க நான் வருகிறேன்.