இயல்பா இன்னொரு தரம்

பேனாவ மூடி வை கண்ணு, கையெழுத்து எங்கயும் ஓடிப்போயிடாது. டீயக் குடி மொதல்ல. ஒங்க டைரக்டரு ஜாஸ்பர் பென்ஹாலோவுக்கு எழுபத்தஞ்சு ஆயிடுச்சா? அரண்மனைக்குக் கூப்பிட்டுப் பட்டமெல்லாம் குடுத்தாங்களே, டிவியில பாத்தேன். அவரோட மொத டாக்குமெண்டரியப் புதுசாக்கி லண்டன்ல திரும்பப் போடுறீங்க, அதுல நான் இருக்கறதால என் சம்மதம் வேணும். அதான? சரி.

கிரிம்ஸ்பியில எங்க மீன்பிடிக் கப்பல்காரங்க தெருவுக்கு அவரு வந்தப்ப மீசகூட ஒழுங்கா மொளைக்கல. பணக்கார வீட்டுப் புள்ள, ஏழைங்களப் பாத்தாக் கண்ணு கலங்கிடும். வாசப்படியக் கழுவுங்க மேடம்னாரு, கழுவினேன். ஐயோ பளபளன்னு இருக்கே, கொஞ்சம் சேறு பூசிட்டு இயல்பா இன்னொரு தரம் கழுவுங்கன்னாரு. நாலு தரம்! இயல்பா இருக்கறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுபோச்சு.

அப்புறம் எங்க கதையவே சினிமாவா எடுத்தாரே, அப்ப என் வேஷத்துக்கு நானே போய் நின்னேன். கப்பல்காரன் பொண்டாட்டி மாதிரி நீங்க இல்லயே மேடம்னுட்டாரு! சிரிக்காத, டீ சிந்தப்போவுது. நடிச்சவ லண்டன்காரி, மீன் நாத்தம்னு மூக்கப் பொத்திக்கிட்டே அழுதா. அதுக்கொரு விருது.

என்ன, அந்த மொத படத்துல துணி காயற காட்சியா? ஆமா, எல்லாரும் அதத்தான் பேசுவாங்க. கொடி பூரா வெள்ளத் துணி, தெரு முனையில எங்க வீட்டுக்காரர் கிளிஃப் கப்பலுக்குப் போறாரு. அழகுதான். ஆனா எங்க ஊர்ல புருஷன் கடலுக்குப் போற அன்னிக்கு எவளும் துணி தொவைக்கமாட்டா. தொவச்சா அல ஆள அடிச்சிட்டுப் போயிடும்பாங்க. ஜாஸ்பருக்கு வெயில் அன்னிக்குத்தான் வந்துச்சு. கெஞ்சினாரு. எனக்கும் படத்துல வர ஆச, பொய் சொல்லுவானேன்.

அந்தக் கப்பல் திரும்பல. ரெண்டு வருஷம் தெருவுல எவளும் என்கிட்ட மொகங்குடுத்துப் பேசல.

இல்ல கண்ணு, கையெழுத்துப் போடறேன், போடறேன். ஒண்ணே ஒண்ணு. நான் துணிய வச்சிக்கிட்டுத் தயங்கி நின்னப்ப கிளிஃப் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு. தொவச்சுக்கோடி டோரீன், ஒன் சோப்புத் தண்ணியப் பத்திக் கடலுக்கு என்ன தெரியும்னாரு. கேமரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. துக்கமான படத்துல சிரிப்பு ஒட்டாதுன்னு ஜாஸ்பர் வெட்டிட்டாரு. அந்தத் துண்டு ஒங்க ஃபிலிம் பெட்டி எதுலயாச்சும் கெடக்கும், தேடிப்பாரு. தெருக்காரிங்களுக்குக் காட்ட இல்ல, அவளுங்கல்லாம் போய்ச் சேந்துட்டாளுங்க. எனக்குத்தான். அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சா, கிளிஃப் நெசமாவே அப்பிடிச் சொன்னாரா, நானா சொல்லிக்கிறேனான்னு இப்பல்லாம் சந்தேகமா இருக்கு.