சொல்லாமல் வர வேண்டிய இடம்

பின்னேரம் நாலு மணி. ஒக்டோபர் கடைசி ஞாயிறு... குளிர்காலத்துக்கெண்டு இஞ்சை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவினமே, அண்டைக்கு. ஏரியைச் சுத்திப் போற காட்டுப்பாதை. ஒரு சனம் இல்லை.

இல்லை பிரவீணன், இந்த ஏரி இல்லை. இது மலைப்பக்கம் இருக்கிற வேறை ஒண்டு. நீ பயப்பிடாமல் உந்தக் கோழிக்காலைச் சாப்பிடு. நெருப்புக்குக் கிட்ட வாங்கோ எல்லாரும், நான் கத்திக் கதைக்கமாட்டன்.

என்ரை சிநேகிதி கஜந்தியின்ரை தமையனுக்கு நடந்தது இது. சுரேன் அண்ணை. பொய் சொல்லத் தெரியாத மனுசன், சொன்னாலும் முகத்திலை எழுதி ஒட்டியிருக்கும். அவரும் மனுசியும் பிரிஞ்சு மூண்டு வருசம். பிள்ளை வேணுஜா, ஆறு வயசு, தாயோடை. ரெண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறுதான் இவரிட்டை. ஆறு மணிக்குக் கொண்டுபோய் விட்டுப்போடோணும். ரெண்டு தரம் பிந்திப் போட்டார். இன்னொருக்கால் பிந்தினால் பிள்ளையைத் தனிய உம்மோடை விடமாட்டன் எண்டு தாய் முடிவாச் சொல்லிப்போட்டா.

வேணுஜாவுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் ஒரு வசனம் மட்டும் இவர் இருந்து பழக்கினவர். கதவடியிலை பிரியேக்கை அவள் ஜேர்மன் பாசையிலை "சூஸ், பாப்பா" எண்டு, போறன் அப்பா எண்ட மாதிரிச் சொன்னால் மனுசனுக்குத் தாங்காது. "அப்பிடிச் சொல்லாதை பிள்ளை. 'போட்டு வாறன் அப்பா' எண்டு சொல்லு. திரும்பி வருவன் எண்டு அர்த்தம்." அவளும் பிழையில்லாமல் சொல்லுவாள். அதைக் கேட்டால்தான் அவருக்கு அடுத்த ரெண்டு கிழமை போகும்.

சரி. தேப்பனும் மகளும் நடக்கினம். ஏரி இடக்கைப் பக்கம். அதை அப்பிடியே இடக்கையிலை வைச்சுக்கொண்டு சுத்தி வந்தால் கார் விட்ட இடம். ஒரு மணித்தியாலம், கூடினால் அஞ்சு நிமிசம். வழி பிழைக்கவே ஏலாது.

பாதித் தூரத்திலை, தண்ணியோரம் ஒரு மரச்சிலுவை. முழங்கால் உயரம். 'சாண்ட்ரா' எண்டு எழுதியிருக்கு. கீழை ஒரு சிவப்புக் கண்ணாடி விளக்கு, அணைஞ்சுபோய். சிலுவையிலை ரெண்டு தடி சாத்தியிருக்கு... இஞ்சத்தைய மனுசியள் ரெண்டு கையிலையும் பிடிச்சுக்கொண்டு விறுவிறு எண்டு நடப்பினமே, இரும்பு முனை வைச்ச தடி. அது.

"ஆர் அப்பா இது?"

"தண்ணிக்குள்ளை போயிட்டா போலை. பாவம்."

லைற்றரை எடுத்து விளக்கைக் கொளுத்தி வைச்சார். நல்ல மனசு. அதோடை பேசாமல் வந்திருக்கலாம்... வாய்ப்பழக்கம். "சரி, அப்ப நாங்கள் போட்டு வாறம்" எண்டுபோட்டு நடந்தார்.

ஓம், நீங்கள் ஏன் நிமிர்ந்து பாக்கிறியள் எண்டு எனக்கு விளங்குது. செத்த வீட்டிலை ஆரும் அப்பிடிச் சொல்லுறதோ? எழும்பி, வாய் திறவாமல் வரோணும். அவருக்கு அது செத்த வீடு எண்டே படேல்லை. சவம் இல்லை, பறை இல்லை, அழுகை இல்லை. காட்டுக்குள்ளை ஒரு பலகைத் துண்டுதானே.

இருவத்தஞ்சு நிமிசம் நடந்திருப்பினம். ஏரி இடக்கையிலைதான். வளைவு ஒண்டு திரும்பினால்...

சிலுவை. விளக்கு எரியுது.

இன்னொரு சிலுவையாக்கும் எண்டு கிட்டப் போய்ப் பாத்தார். சாண்ட்ரா. அவர் கொளுத்தின அதே விளக்கு. தடி மட்டும் ஒண்டுதான் நிக்குது.

அஞ்சாகப் போகுது, மரங்களுக்குள்ளை இருட்டு இறங்குது. ஹண்டிப் போனிலை சிக்னல் இல்லை. மனுசனுக்கு ஆவியைப் பற்றி யோசினையே இல்லை. ஆறு மணி, ஆறு மணி... அதுதான் மண்டைக்குள்ளை. திரும்பி வந்த வழியாலேயே நடந்தார். இப்ப ஏரி வலக்கைப் பக்கம். பிள்ளை கால் நோகுது எண்டு சிணுங்க, கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமா...

இருவது நிமிசம். சிலுவை.

இந்தமுறை தடி ஒண்டுமில்லை.

அப்பத்தான் சத்தம் கேட்டது. பின்னாலை, சரளைக்கல்லிலை. டிக்... டிக்... டிக்... அவர் நிண்டால் நிக்குது. நடந்தால் நடக்குது. விளக்கு அப்பிடியே எரிஞ்சுகொண்டிருக்கு, ஆனால் மெழுகுதிரி ஊதி அணைச்ச மணம் மூக்குக்குள்ளை ஏறுது.

முன்னாலை போனாலும் இஞ்சை. பின்னாலை போனாலும் இஞ்சை. ஒரு பக்கம் தண்ணி, மற்றப் பக்கம் ஏற ஏலாத மலை. பிள்ளையின்ரை கை சில்லிட்டுப்போச்சு. நான் மட்டுமெண்டால் பரவாயில்லை, பிள்ளையை என்னெண்டு வெளியாலை கொண்டுபோறது எண்டு மனுசன் அழுதேவிட்டாராம்.

அழேக்கைதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சின்னனிலை ஒரு செத்த வீட்டாலை வெளிக்கிடேக்கை இப்பிடித்தான் 'போட்டு வாறன்' எண்டு சொல்ல, மாமி ஒராள் தொடையிலை கிள்ளின கிள்ளு. "வாறன் எண்டு சொன்னால் வரத்தானே வேணும்!"

பிள்ளையைத் தூக்கித் தோளிலை போட்டார். "வேணு, வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சொல்லும் சொல்லக் கூடாது." சிலுவையைப் பாக்கேல்லை. திரும்பேல்லை. பல்லைக் கடிச்சுக்கொண்டு நடந்தார். டிக்... டிக்... கொஞ்சத் தூரம் வந்தது. பிறகு நிண்டுட்டுது.

பத்து நிமிசத்திலை கார் தெரிஞ்சுது. அவ்வளவு கிட்ட!

ஆறுக்கு மூண்டு நிமிசம் இருக்கேக்கை தாயின்ரை வீட்டு வாசல். மூண்டாம் மாடி. மனுசனுக்கு முதல்முறையா மூச்சு வந்தது. தாய் கதவைத் திறந்து, மணியைப் பாத்துப்போட்டு உள்ளை போயிட்டா. வேணுஜா வாசலிலை நிண்டு கையைக் காட்டினாள்.

"சூஸ், பாப்பா."

"என்ன பிள்ளை, மறந்திட்டியே? போட்டு வாறன் எண்டெல்லோ சொல்லோணும்?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அது நான் அந்த அன்ரிக்கு மெல்லமாச் சொன்னது."

அப்பத்தான் மனுசனுக்கு உறைச்சுது. தோளிலை கிடந்த பிள்ளையின்ரை முகம்... வழி முழுக்கப் பின்னாலை பாத்தபடி எல்லோ வந்தது.

படிக்கட்டு லைற் 'டக்' எண்டு அணைஞ்சுது. கீழை, எங்கையோ முதல் படியிலை... டிக். பிறகு அடுத்த படி... டிக்.

உள்ளையிருந்து தாய் கூப்பிடுறா, "வேணு, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா."

பிள்ளை கழட்டேல்லையாம். வாறன் எண்டு சொன்னவள் எல்லோ.