தேதி மாறாத அறிவிப்பு

கிள்ளான் ரயில் பெட்டியில் ஒன்பது பேர்தான் இருந்தோம். அதனால் எதிரே இருந்த பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“நான் பொய் சொல்லலன்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது, அண்ணே.”

அந்த அண்ணன் தன் கைப்பேசியை அவளிடம் காட்டினார். “பாரு, அரசாங்கம் முதல்ல இணையத்துல போட்ட அறிவிப்புப் பக்கத்த யாரோ சேவ் பண்ணி வச்சிருக்காங்க. இடிக்கப்போற பிளாட்ல வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் மாற்று வீடு உண்டுன்னு இருக்கு. அப்புறம் அந்த வரிய எடுத்துட்டாங்க. தேதிய மட்டும் மாத்தல, அதான் யாருக்கும் தெரியல.”

“வாடகைக்காரங்களுக்கும் வீடு உண்டுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, அப்புறம் நான்தான் தப்பா படிச்சிட்டேன்னு வீடு வீடா போய் மன்னிப்புக் கேட்டேன்.”

“இத காட்டு லா. அப்பீல் பண்ணலாம்.”

“காட்டலாம். ஆனா அந்த மன்னிப்ப நம்பி நாலு குடும்பம், மாற்று வீடு கேட்டுப் போட்ட மனுவ வாபஸ் வாங்கிட்டு தூரமா செமினில வாடகைக்குப் போயிடுச்சே. அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?”