குப்பம்மாவின் பல்

பாம்பு பால் குடிக்காது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா, ஏனென்றால் ஊரில் பாதிப்பேர் இதை நம்புவதில்லை. வெள்ளிக்கிழமையானால் பெண்கள் சொம்பில் பால் கொண்டுவந்து என் கூடைக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவார்கள். அந்தப் பாலைக் காய்ச்சி டீ போட்டுக் குடித்தது நானும் என் தம்பி தருமனும்தான். "நாகாத்தா புண்ணியத்துல நமக்கு டீண்ணா" என்று கூடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிப்பான். சிரிக்கத் தெரிந்த பிள்ளை.

அவன் செத்ததைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் குப்பம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

எங்களுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். குத்தகை நிலத்தில் வேர்க்கடலை போட்டுப் பிழைத்த குடும்பம். மழை ஏமாற்றியது, அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தேன். அவனுக்குச் சோறு ஊட்டியது, காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, வள்ளியைப் பெண் பார்த்துக் கட்டிவைத்தது எல்லாம் நான்தான். எனக்கென்று ஒருத்தியைத் தேடத் தோன்றவில்லை. அவன் ஒருவன் போதும் என்று இருந்துவிட்டேன்.

கடலைக் காட்டில் பாம்பு பிடித்துப் பழகிய கை. அதை வைத்துத்தான் டவுனில் பிழைத்தோம். பாம்பைக் காட்டிக் கூட்டம் சேர்த்து, விஷமுறிவு வேர் விற்போம். வேர் என்றால் பெரிய மூலிகை ஒன்றுமில்லை. ஏரிக்கரையில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஆவாரஞ்செடியின் வேர். அதில் மஞ்சள் தடவிக் கறுப்புக் கயிறு சுற்றிவிட்டால் ஒரு மரியாதை வந்துவிடும்.

கூட்டத்தில் தருமன் என்னைத் தெரியாதவனைப்போல் நிற்பான். மாடு வாங்க வந்த குடியானவன் மாதிரி தோளில் தும்புக் கயிறு போட்டிருப்பான். நான் வேரின் பெருமையை அளந்துகொண்டிருக்கும்போது, "இன்னாய்யா, காதுல பூ சுத்தறியா? எங்க, அத்த என் கையில கொத்த வுடு பாப்போம்" என்று வம்புக்கு வருவான். கையை நீட்டுவான். பாம்பு கொத்தும். "ஐயையோ, கண்ணு சொக்குதே" என்று கத்திக்கொண்டு மண்ணில் புரளுவான். நான் வேரை அரைத்துக் கடிவாயில் வைப்பேன். சற்று நேரத்தில் எழுந்து என் காலில் விழுவான். பிறகு வேர் விற்றுக் காசு வாங்க எனக்கு மூச்சு விட நேரமிருக்காது.

இதற்குப் பாம்பின் விஷப்பல்லைப் பிடுங்கியிருக்க வேண்டும். அவன் பாம்பின் தலையைப் பிடித்துக்கொள்வான், நான் பிடுங்குவேன். ஒருமுறை பிடுங்கினால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பின்னால் வேறு பற்கள் காத்திருக்கும். கொஞ்ச நாளில் ஒன்று முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே திரும்பத் திரும்பப் பிடுங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வாய் கிழியும், புண்ணாகும், சீழ் வைக்கும். இரை எடுக்க முடியாமல் வற்றிச் சாகும். என்னிடம் முன்பு இருந்த பாம்புகள் எல்லாம் அப்படித்தான் போயின. அதனால்தான் இவளுக்குக் குப்பம்மா என்று பெயர் வைத்தேன். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்து அந்தப் பெயர் வைப்பார்கள் இல்லையா, அதுபோல. நானும் அவளைக் குப்பைமேட்டில் ஒரு தடவை வைத்து எடுத்தேன். தருமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வந்த புதிதில் அவள் சாது. பல்லைப் பிடுங்கிய பிறகுதான் மாறினாள். மூடியைத் தூக்கினால் போதும், சீறிக்கொண்டு வந்து அடிப்பாள். கை, வேட்டி, விளக்குமாறு, எது கண்ணில் பட்டாலும் அடிதான். கூடைக்குள்ளேயே முட்டி முட்டி மூக்கில் இரத்தம் வரவழைத்துக்கொள்வாள். தருமனைக் கண்டால் கேட்கவே வேண்டாம். தலையைப் பிடித்த கை அவனுடையது, அது அவளுக்கு மறக்கவில்லை என்று நினைக்கிறேன். பிடுங்கியது என் கை. ஆனாலும் என் குரல் கேட்டால் படத்தைத் தாழ்த்துவாள். அப்படித்தான் எனக்குப் பட்டது.

இந்த ஐப்பசியில் வள்ளிக்கு நிறைமாதம் நெருங்கியது. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு வீட்டில் தருமனுக்குத் தோட்ட வேலை கிடைத்தது. பின்கட்டில் ஒரு அறையும் கொடுத்தார்கள். தை பிறந்ததும் போய்விடுவதாகச் சொன்னான். நல்லதுதானே என்றேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

பிறகு ஒருநாள் குப்பம்மா மூடியை முட்டித் தள்ளிவிட்டு, அரிசி புடைத்துக்கொண்டிருந்த வள்ளியின் காலடி வரைக்கும் வந்துவிட்டாள். தருமன் அன்றுதான் என்னிடம் குரலை உயர்த்திப் பேசினான். உயர்த்திவிட்டு அவனே தணிந்தான்.

"இது இனிமே அடங்காதுண்ணா. பல்லு போன பாம்ப காட்டுல வுட்டாலும் எலி புடிக்கத் தெரியாம செத்துடும். புள்ள பொறக்கற வூட்டுல இத்த வச்சினு இருக்க முடியாது. தீபத்துக்கு மாட்டுச் சந்தை முடியட்டும், நானே அடிச்சிடறேன். நீ பாக்க வாணாம்."

என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னான். அந்த இரக்கம் எனக்குப் புரிந்தது. சரி என்றேன்.

நான் யோசித்தது இவ்வளவுதான். பல் இருந்தால் அவள் காட்டில் பிழைத்துக்கொள்வாள். பல்லை வளரவிட்டால் போதும். இதில் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. அடுத்த தடவை பிடுங்கும் நாள் வந்து, தலையைப் பிடிக்க வரட்டுமா என்று தருமன் கேட்டபோது, "நீதான் வேலைக்குப் போவப் போறியே, நானே தனியா பழகிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் விடாமல், "புடுங்கிட்டியாண்ணா?" என்றான். "புடுங்கிட்டேன்டா" என்றேன். முன்பு பிடுங்கிய பழைய பல் ஒன்று வைத்திருந்தேன். அதைத் துணியில் வைத்துக் காட்டினேன். துணியில் இருந்த இரத்தம் என் விரலைக் கீறி எடுத்தது. அவன் பல்லைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தான். "பாத்துண்ணா, கைய கிழிச்சினுகீற" என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டான்.

தீபத்தன்று சந்தைத் திடலில் நிற்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் மாடும் ஆளும். தருமன் கயிறு தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். வழக்கம்போல வம்பு பேசினான், கூட்டம் சிரித்தது. கையை நீட்டினான். நான் மூடியைத் திறந்தேன். குப்பம்மா கொத்தினாள். விடாமல் கவ்விக்கொண்டு மென்றாள்.

அவன் நடிக்கிறான் என்று நினைத்ததாகச் சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். அது பொய். நடிப்பென்றால் கத்துவான். அன்று கத்தவில்லை. கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "அண்ணா, நெசமாவே கடிச்சிட்டுது. என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ."

நான் வேரை அரைத்து அவன் கையில் வைத்தேன்.

அது ஆவார வேர் என்று அத்தனை பெரிய கூட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவன் எழுந்து போகப் பார்த்தான். சுற்றி நின்றவர்கள் நல்ல மனதோடு அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். "பயப்படாத தம்பி, ஓடினா வெஷம் ஏறிடும். வேரு இழுத்துடும், குந்து" என்று ஒரு பெரியவர் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "வேரு இல்ல, அது வேரு இல்ல" என்றான் தருமன். அதற்குள் நாக்கு தடித்துவிட்டது. விஷம் தலைக்கேறிப் பிதற்றுகிறான் என்றார்கள். என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நான் சரியாகிவிடும் என்றேன். இமை தாழ்ந்த பிறகும் அவன் பார்வை என் பக்கமே இருந்தது. அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது மலைமேல் தீபம் ஏறியது. அண்ணாமலைக்கு அரோகரா என்று திடல் முழுக்கத் திரும்பி நின்று கைகூப்பியது. மடியில் வைத்திருந்த பெரியவரும் அவனைக் கீழே கிடத்திவிட்டு எழுந்தார். நானும் கும்பிட்டேன். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. தருமனுக்கு அப்போது மூச்சு இருந்தது. அவனைத் தூக்கியிருக்கலாம். ஆனால் ஒரு கையில் கூடையையும் வைத்துக்கொண்டு ஆளைத் தூக்க முடியாது. கூடையை விட்டுப் போனால் யாராவது அவளை அடித்துவிடுவார்கள். அதனால் கூடையை எடுத்துக்கொண்டு மலையடிப் புதர்ப் பக்கம் போனேன். மூடியைத் திறந்ததும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அன்று அழுதேன், அங்கே நின்று அழுதேன். யாருக்காக என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியவில்லை ஐயா.

திரும்பி வந்தபோது வைக்கோல்மேல் அவன் மட்டும் கிடந்தான். எங்கள் ஊர்ப் பரசுராமன் மாடு விற்க வந்திருந்தவர், குனிந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாய்யா வேடியப்பா, இவன் உன் தம்பியாச்சே" என்றார். ஆமாம் என்றேன். அந்தக் கூட்டத்தில் அவனை என் தம்பி என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

எழுதிக்கொள்ளுங்கள். பல் வளர்ந்திருந்தது எனக்குத் தெரியும். காலையில் அவள் வாய் பிளந்தபோது பார்த்தேன். அவன் கையை நீட்டுவான் என்பதும் தெரியும். தடுத்திருந்தால் அவளை அன்றைக்கே அடித்திருப்பான், தையில் என்னை விட்டும் போயிருப்பான். தெரிந்துதான் மூடியைத் திறந்தேன். கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகை வைக்கிறேன்.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். வள்ளி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். சின்னப் பெண், துக்கத்தில் பேசுகிறாள். பிள்ளை பிறந்ததும் அவளுக்குப் புத்தி சொல்லுங்கள். அப்பன் இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வாள்? நான் வெளியே வரும்வரைக்கும் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு என்னிடம் விட்டுவிடச் சொல்லுங்கள். தருமனை வளர்த்த மாதிரியே நான் வளர்த்துக்கொள்கிறேன்.