நாற்பத்திரண்டாம் பக்கம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் சங்கத்தின் மூத்தவர் அவர்களே, என்னோடு கம்பம் ஏறிக் காய்ந்த அண்ணன்மார்களே, அரைநாள் வேலையை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் தம்பிமார்களே, இந்த லைன்மேனின் வணக்கம்!

மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்? நீங்களா? நானா? மூடிய அறையில் தேர்வுக் குழு என்று மூன்று பேர்! முப்பதே நிமிடம்! அவர்கள் கைகாட்டியவர் கையெழுத்திட்டால் அதுதான் நமக்கு விதி. என்ன அண்ணே, சிரிக்கிறீர்கள்? எனக்கு வயிறு எரிகிறது.

நல்ல விதி ஒன்று இருந்தது. பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் முன், ஆக்சிஜன் மிஷின் வைத்திருக்கும் வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாகக் குரல் கொடுப்பேன். அந்த விதியை நீக்கச் சொல்லி மின் நிறுவனம் மனு போட்டது.

விசாரணைக்குப் போயிருந்தேன். நிறுவனத்தின் வக்கீல் தாள்களைப் புரட்டுகிறார், தேடுகிறார், திணறுகிறார். புதிய தலைவர் எதையும் பார்க்காமலே சொன்னார்: "நாப்பத்திரெண்டாம் பக்கம் பாருங்க. மூணாவது பத்தி."

மனப்பாடம் ஐயா, மனப்பாடம்! போன ஆண்டு அந்த நிறுவனத்தில் உட்கார்ந்து அந்த மனுவை எழுதியவரே அவர்தான்! கேட்டவரும் அவர், கொடுத்தவரும் அவர். விதி போனது. என் பட்டியலையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி, பராமரிப்பு வேலை. பட்டியல் போனால் என்ன, அந்தத் தெருவில், கணவரை ஆக்சிஜன் மிஷினில் வைத்துக் காப்பாற்றிவந்த தையல்காரத் தங்கையின் வீடு எனக்குத் தெரியாதா? தெரியும்! "விதியே இல்ல, நேரத்த வீணாக்காதய்யா" என்றார் மேலதிகாரி. அடங்கிப்போனேன். சுவிட்சை இறக்கினேன். சிலிண்டர் தேடி ஓடியவள் திரும்பி வருவதற்குள் அவள் கணவரின் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் வந்து கேட்டாள்: "ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதாண்ணே? முன்னாடியே வாங்கி வச்சிருப்பேனே."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆணையத்தில் இன்னொரு நாற்காலி இப்போது காலி. நாளை ஆள் எடுக்கிறார்கள். அதே மூவர், அதே மூடிய அறை. கதவைத் திறக்கச் சொல்வோம்! வருகிறவரின் பெயரை ஊரறியச் சொல்லச் சொல்வோம்! "நேற்றுவரை யாரிடம் சம்பளம் வாங்கினீர்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கச் சொல்வோம்!

நாளை அந்த வாசலில் நான் நிற்பேன். வேலை போனால் போகட்டும். அந்தத் தங்கையும் வருகிறாள். என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. நாளை வாசலில் பார்ப்போம், வணக்கம்!