ஏரி வெட்டியவர் வீடு

விருத்தாசலத்தில் ஊரெல்லாம் பீங்கான் செய்கிறார்கள். காவல் நிலையத்தில் டீயை பிளாஸ்டிக் கப்பில் தருகிறீர்கள். போகட்டும், இன்ஸ்பெக்டர். எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கோதண்டபாணி. வயது எழுபத்திரண்டு. எங்கள் வீட்டுக்கு ஏரி வெட்டியவர் வீடு என்று பெயர். ஊர் ஏரியை வெட்டியவர் எங்கள் பாட்டனுக்குப் பாட்டன். அதனால்தான் மாசித் திருவிழாவில் முதல் பரிவட்டம் எங்கள் தலைக்கு.

அந்தப் பெண் செல்வநாயகி திட்டக்குடிக்காரி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாம். படித்தவள் என்றார்கள், பகலெல்லாம் சேற்றோடு திரிந்தாள். ஏரிக்குள் இரும்புக் குழாயை இறக்கி, அடியில் இலைதழை மக்கிக் கிடக்கும் கறுப்பு மண்ணை நீளமாக உருவி எடுப்பாள். கம்மாபுரம் பக்கம் தோண்டுகிற நிலக்கரிக்கு அது தம்பி முறையாம்.

"இல அழுவிப் போனாலும் அதும்மேல இருக்குற மெழுகு போவாதுங்க ஐயா. அத வச்சே அப்ப மரம் இருந்துச்சா, புல்லு இருந்துச்சா, மழ எப்படின்னு சொல்லிடலாம்" என்றாள். நான் நாற்காலி போடச் சொல்லவில்லை. நின்றுகொண்டேதான் சொன்னாள்.

மாசி பிறந்ததும் அவள் ஆராய்ச்சியின் முடிவு வந்தது. டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "நாலாயிரம் வருசமா இங்க தண்ணி நின்னுருக்குதுங்க. கோரையும் நாணலுமா சதுப்பு. யாரும் வெட்டலீங்க. கரைய வேணா உங்க பாட்டன் போட்டிருக்கலாம்."

கரை போடுவது கூலியாள் வேலை. அதை அவளுக்கு யார் விளக்குவது.

என் பங்காளி கோவிந்தராசு டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அப்ப ஏரிய வெட்டுனது கோரப்புல்லுதான். இந்த வருசம் பரிவட்டத்த அதுக்கே கட்டிடலாம்."

கடையே சிரித்தது. அவனை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவள் என்னிடமே வந்து கேட்டாள். "இன்னும் ஆழமா ஒரே ஒரு எடம் காட்டுங்க ஐயா. அதோட அறிக்கைய முடிச்சுப் பஞ்சாயத்துக்கு ஒண்ணு குடுத்துடுவேன்."

காட்டினேன். மேற்கே, தாழம்புதருக்கு எதிரே. மேலே இடுப்பளவு தண்ணீர். கீழே உளைச் சேறு. அங்கே அடி இல்லை, போகாதே என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் பிள்ளைகளை வளர்ப்போம். மற்ற வீடுகளுக்குச் சொன்னதில்லை. வீட்டுச் சேதியை வெளியே கொட்டும் பழக்கம் எங்களிடம் இல்லை.

அவளுக்குக் குழாய் தூக்கி வந்த கூலியாள் திருமாலைச் சாப்பாடு வாங்க அனுப்பினேன். அவள் தனியாக இறங்கினாள். கரையில் கயிற்றுச் சுருள் ஒன்று கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தேன், வெறும் தரையில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

"ஐயா, காலு எறங்குதுங்க" என்றாள். பிறகு, "கயிற வீசுங்க ஐயா" என்றாள். கடைசிவரை மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

தண்ணீர் அடங்கியதும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டேன்.

விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இருந்திருக்காது. ஆனால் பத்திரிகைக்காரனிடம், பெரியவருக்கே தெரியாத பள்ளம் என்று சொல்லியிருக்கிறீர்கள். கோவிந்தராசு அதை டீக்கடையில் தினமும் உரக்கப் படிக்கிறான். அதைத் திருத்தத்தான் வந்தேன். தெரிந்துதான் அனுப்பினேன். கயிறு இருந்தும் வீசவில்லை.

எங்கள் பாட்டன் அங்குலம் அங்குலமாக வெட்டிய ஏரி அது. அதில் எங்கே அடி இல்லை என்று எங்களுக்கா தெரியாது?